ஒரு மனு, இரண்டு கையெழுத்து: மனச்சிதைவு நோயாளி ஒருவர் கருணைக்கொலை கேட்ட நிகழ்வு

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதப்பட்ட பதிவு இது. அவர்களை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக ஊர், உறவு, தொழில் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை. அந்த மனுவை ஆராய்ந்த மனநல மருத்துவக் குழுவில் சமூகப் பணியாளராக நான் இருந்தேன்.

பின்னணி

திருமங்கலத்துக்கு மேற்கே, பேரையூர் போகும் வழியில் ஒரு கிராமம். நோயாளிக்கு அப்போது வயது 36. ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்துவிட்டு கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். 22 வயதில் தூக்கம் கெட்டது. அப்புறம், கூட வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம். ஒரு வருடத்துக்குள் ஆள் இல்லாத இடத்திலும் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. திட்டும் குரல்கள், பெரும்பாலும் இரண்டு ஆண்கள்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். மேலமடை பாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள், குறி கேட்டார்கள், ஏர்வாடியில் கொஞ்ச காலம் தங்கினார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்த பிறகு அங்கே கட்டிவைக்கும் வழக்கத்துக்குத் தடை வந்துவிட்டது. இவர் போனது அதற்குப் பல வருடம் கழித்து. ஆனாலும் வீட்டில், மோசமான நாட்களில், திண்ணைத் தூணில் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

அப்பா இறந்து எட்டு வருடம். அம்மா அறுபதைத் தாண்டியவர், களையெடுப்பும் நூறு நாள் வேலையும்தான் வருமானம். விருதுநகரில் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா. மதுரையிலும் வெளியிலும் பல இடங்களில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் வாய்மொழியில் அது “பதினாலு வருசம் பாக்காத வைத்தியம் இல்ல”. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருவேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்திருக்கிறார்.

மனு

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட மனு அது. ‘எனக்குப் பிறகு என் மகனைப் பார்க்க ஆளில்லை. உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் இருவரையும் கருணைக்கொலை செய்ய உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இருந்தது. கீழே அம்மாவின் கைநாட்டு. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, மகன் தெளிவான எழுத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனுக்கள் தமிழ்நாட்டில் புதிதில்லை. பட்டா மாறவில்லை, கடன்காரர் மிரட்டுகிறார், பிள்ளைக்கு மருந்து வாங்க வழியில்லை என்று வருகிறவர்கள் ‘கருணைக்கொலை’ என்று எழுதுவதைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். வாசலில் மனு எழுதிக் கொடுத்தவரிடம் அம்மா கேட்டது உதவித்தொகையை மட்டும்தான். “அப்படி எழுதுனாத்தான் ஆபீசருங்க திரும்பிப் பாப்பாங்க” என்று சொல்லி அந்த வார்த்தையைச் சேர்த்தது அவர். திரும்பிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. போலீஸ் பெயருக்கு விசாரித்தது, ஒரு நிருபர் படம் எடுத்தார், மனு சுகாதாரத் துறைக்குப் போய் அங்கிருந்து எங்கள் குழுவுக்கு வந்தது. படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. அதன் பிறகு டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்தார்கள் என்று அக்கா சொன்னார்.

முதல் சந்திப்புகளில் கண்டது

தாயையும் மகனையும் தனித்தனியாகப் பார்த்தோம். சேர்த்து உட்காரவைத்துப் பேசினால் ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர் பதில் சொல்வார்.

அம்மாவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் முழுசாகத் தெரியவில்லை. “கவருமெண்டு எடுத்துக்கிரும், ஒரு எடத்துல வச்சுப் பாத்துக்கிரும்னு நெனச்சேன் தாயி” என்றார். விளக்கிச் சொன்னபோது அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எம் மாமியாருக்கு அப்படித்தான் தலைக்கு ஊத்துனாங்க. அது வேற. அது வயசாளி” என்றார்.

இந்தப் பதில் எங்களை உட்காரவைத்தது. மதுரை, விருதுநகர்ப் பக்கம் படுக்கையில் விழுந்த முதியவர்களின் சாவை வீட்டாரே விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் பற்றி 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டச் செய்திகள் வந்த பிறகு வெளியுலகம் பரவலாகப் பேசியது. உள்ளூரில் அது அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அந்த முதியவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. செய்பவர்கள் அதைக் கொலை என்று நினைப்பதும் இல்லை, கடமை என்பார்கள். கருணைக்கொலையைப் பற்றி வெளிநாட்டில் நடக்கும் வாதங்கள் எல்லாம் ஒரு தனிமனிதர் தனக்காகக் கேட்பதில் தொடங்குகின்றன. எங்கள் மண்ணில் வீடுதான் முடிவு செய்து பழகியிருக்கிறது. மகனுக்கு வீட்டில் ஆபத்து உண்டா என்று பல விதமாகக் கேட்டுப் பார்த்தோம். அம்மாவிடம் அப்படி ஒரு எண்ணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தோம். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கோப்பில் எழுதிவைத்தோம்.

மகன் வேறு. அவருக்கு அர்த்தம் நன்றாகத் தெரிந்திருந்தது. நெதர்லாந்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்று போனில் படித்திருக்கிறார். அம்மாவுக்கு மனு எழுதுகிற ஆள் உபாயமாகப் போட்ட வார்த்தையை அவர் நிஜமாகவே கேட்டுக் கையெழுத்திட்டார்.

குரல்கள் சாகச் சொல்கின்றனவா என்று டாக்டர் கேட்டார். சில நாட்களில் சொல்லும் என்றார். “ஆனா அதுங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணில்ல சார். அதுங்க சாவுன்னு திட்டும்போது நான் மாட்டேன்னு சண்ட போட்டிருக்கேன். இது குரல் அடங்கியிருக்கிற நேரத்துல யோசிச்சது.” அடுத்து அவர் சொன்னதுதான் எங்கள் குழுவின் விவாதம் முழுவதும் எதிரொலித்தது: “கேன்சர் வந்தவன் வலிக்குதுன்னா நம்புறீங்க. நான் சொன்னா நோய் பேசுதுங்கிறீங்க.”

சட்டம் நிற்கும் இடம்

அவர் கேட்டதை இந்தியாவில் யாரும் அனுமதிக்க முடியாது. கலெக்டராலும் முடியாது, நீதிமன்றத்தாலும் முடியாது. 1994-இல் ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்கொலை முயற்சிக்கான தண்டனைப் பிரிவைச் செல்லாது என்றது. 1996-இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றது. 2011-இல் மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கிலும், 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கிலும் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது அல்லது தொடங்காமல் இருப்பது மட்டுமே கண்டிப்பான நிபந்தனைகளோடு ஏற்கப்பட்டது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறை சற்று எளிதாக்கப்பட்டது. மீள வழியில்லாத நோயாளியின் செயற்கைச் சுவாசம் போன்றவற்றைப் பற்றிய தீர்ப்புகள் அவை. நம் நோயாளி சைக்கிள் ஓட்டுகிறவர். அவரிடமிருந்து நிறுத்துவதற்கு ஒரு கருவியும் இல்லை.

தண்டனை பயமும் இல்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொன்னோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. முந்தைய முயற்சிக்காகப் போலீஸ் திரும்ப வரும் என்று அந்த வீட்டில் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தார்கள். அதனாலேயே அதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

குழுவில் நடந்த விவாதம்

சட்டம் இடம் தரவில்லை என்பதோடு கோப்பை மூடியிருக்கலாம். ‘சட்டப்படி இயலாது, சிகிச்சை அளிக்கப்படுகிறது’ என்று எழுதி அனுப்பினால் மனுவுக்குப் பதில் முடிந்தது. மூத்த மனநல மருத்துவரின் முதல் கருத்தும் ஏறக்குறைய அதுதான்: சாக விரும்புவது இந்த நோயின் அறிகுறி, நோயைப் பார்ப்போம்.

இளைய மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. மனநலச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, விஷயத்தைப் புரிந்துகொள்ளவோ, முடிவின் விளைவை உணரவோ, அதைத் தெரிவிக்கவோ முடிந்தால் ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உள்ளவர் என்கிறது. அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிவதால் மட்டும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. “மாத்திரை வேண்டும் என்று இவர் சொன்னால் திறன் உண்டு, வாழ்க்கை வேண்டாம் என்று சொன்னால் இல்லை என்றால், நாம் திறனைச் சோதிக்கவில்லை, பதிலைச் சோதிக்கிறோம்” என்றார். சட்டப் பிரிவு சிகிச்சை முடிவுகளைப் பற்றியது, சாவைப் பற்றியது அல்ல என்று மூத்தவர் பதில் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். இவர் நெதர்லாந்தில் பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அங்கே 1994-இல், உடல் நோய் எதுவும் இல்லாமல் துக்கத்தால் சாவு கேட்ட ஒரு பெண்ணுக்கு உதவிய ஷாபோ என்ற மனநல மருத்துவரின் வழக்கில், மனத் துன்பமும் தாங்க முடியாத துன்பமாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இன்னொரு மருத்துவர் அந்தப் பெண்ணை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதற்காக ஷாபோவைக் குற்றவாளி என்றது, தண்டனை விதிக்கவில்லை. 2002-இல் சட்டம் அமலானது. 2024-இல் அங்கே பதிவான 9958 கருணைக்கொலைகளில் மனநோயை அடிப்படையாகக் கொண்டவை 219. கனடா இந்த ஒரு வகையை மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2027 மார்ச் வரை நிறுத்திவைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2016-லேயே, சாகும் நிலையில் இல்லாத ஒருவரின் சாவுக்கு மனநல மருத்துவர் துணைபோகக் கூடாது என்று அறிவித்தது. ஆக, அனுமதிக்கும் நாடுகளிலேயே இது தீர்ந்துபோன விவகாரம் இல்லை.

நெதர்லாந்துச் சட்டத்தின் நிபந்தனைகளை வரிசையாக இவர்மேல் வைத்துப் பார்த்தோம். தானாகக் கேட்டதா? பாதி ஆம். தனியாக இரண்டாம் முறை பேசியபோது, “அம்மா களை எடுத்துட்டு வந்து எனக்குச் சோறு வைக்கிறத பாக்க முடியல” என்றும் சொல்லியிருந்தார். தன் வலியும் அம்மாவுக்குத் தான் பாரம் என்ற எண்ணமும் அவருக்குள் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. துன்பம் தாங்க முடியாததா? அதை வெளியிலிருந்து அளக்க எங்களிடம் அளவுகோல் இல்லை. வேறு நியாயமான வழி இல்லையா? இந்த இடத்தில்தான் அந்த ‘பதினாலு வருச வைத்தியம்’ வந்தது.

அம்மா மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்துவைத்திருந்தார். நானும் செவிலியரும் தேதிவாரியாக அடுக்கினோம். பதினான்கு வருடத்தில் ஒன்பது மருந்துகளின் பெயர்கள். ஆனால் முழு அளவில் ஆறு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவை இரண்டுதான். மற்றவை பணம் இல்லாமலோ, உடம்பு விறைத்துப்போனதாலோ, சாமியார் நிறுத்தச் சொன்னதாலோ பாதியில் நின்றவை. போதிய அளவில், போதிய காலம் இரண்டு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அடுத்து க்ளோசபின் கொடுப்பது வழக்கம். மற்ற மருந்துக்கு அடங்காத மனச்சிதைவுக்கு அதுதான் இருப்பதில் நல்ல மருந்து. தற்கொலை ஆபத்தையும் குறைக்கும் என்று காட்டப்பட்டது. இவருக்கு அதைக் குறைந்தது பத்து வருடம் முன்பே கொடுத்திருக்கலாம். ஒரு சீட்டில் யாரோ அதை எழுதி, பக்கத்தில் ‘ரத்தப் பரிசோதனைக்கு வர இயலாது’ என்று அடித்தும் இருந்தார்கள். வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். வாரம் ஒருநாள் மதுரைக்கு வந்தால் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அவ்வளவுதான் காரணம்.

எனவே நெதர்லாந்திலும் இவருக்கு மறுத்திருப்பார்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததைக் கவனித்தேன். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. சிகிச்சை மிச்சம் இருக்கிறது என்பது இவருடைய கேள்விக்குப் பதில் இல்லை, அதைத் தள்ளிவைக்கும் வழி. அவரே அதைப் பிடித்துவிட்டார். டாக்டர் புது மருந்தைப் பற்றி விளக்கி முடித்ததும் கேட்டார்: “சரி சார், இதையும் பாத்து, அப்பவும் இப்படியே இருந்தா?”

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அப்பவும் நீங்க கேக்குறத நான் செய்ய மாட்டேன். ஆனா அப்பவும் நீங்க கேக்கலாம். கேட்டதுக்காக உங்களக் கட்டிப்போட மாட்டோம், சீட்டுல பைத்தியம்னு எழுதி மூட மாட்டோம்” என்றார். நேர்மையான பதில். போதுமான பதிலா என்றால், அவருக்கு அது போதவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடுத்த முடிவுகள்

மனுவுக்குச் சட்டப்படி இயலாது என்ற பதிலோடு, உதவித்தொகைக் கோரிக்கையைத் தனியாகப் பிரித்து மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கு அனுப்பப் பரிந்துரைத்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றால் சலுகைகளுக்கு வழி உண்டு. மனநோய்க்கும் அடையாள அட்டை கிடைக்கும் என்று பதினான்கு வருடத்தில் ஒருவரும் அந்த அம்மாவிடம் சொன்னதில்லை.

அவராகவே சம்மதித்து உள்நோயாளியாகச் சேர்ந்தார். அந்த நாட்களில் ஆபத்து அதிகம் என்று தெரிந்தும், அம்மாவின் சம்மதத்தை வைத்துக் கட்டாயமாகச் சேர்ப்பதைத் தவிர்த்தோம். கயிற்றுத் தழும்பு உள்ளவரை மறுபடியும் வலுக்கட்டாயமாகப் பிடித்தால் வார்டை விட்டுப் போகும் நாளில் மருந்தையும் விட்டுவிடுவார் என்பது எங்கள் கணக்கு. நடுவில் நிலைமை மோசமாகியிருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

மூன்றாவது முடிவுதான் எங்களுக்குப் புதிது. மனநலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, நோய் முற்றிய நேரத்தில் தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 14-ஆம் பிரிவுப்படி தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அக்கா வீட்டுக்காரர் இதைக் காமன் காஸ் தீர்ப்பில் வரும், உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலோடு குழப்பிக்கொண்டு, “அதான் சட்டத்துல எடம் இருக்கே” என்று ஒரு நாள் சண்டைக்கே வந்தார். இரண்டும் வேறு என்று விளக்கினோம். சாவைப் பற்றி முடிவெடுக்க முடியாதவருக்கு, தன் சிகிச்சையைப் பற்றி எடுக்க முடிந்த முடிவுகளையாவது முழுசாகக் கையில் கொடுக்க வேண்டும் என்று இளைய மருத்துவர் வற்புறுத்தினார். நோயாளி எழுதியது ஒரு பக்கம். கட்டக் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப் போகக் கூடாது. ஊசி போடுவதானால் முதலில் சொல்ல வேண்டும். தனக்காகப் பேசும் ஆளாக அம்மாவை எழுதவில்லை, அக்காவை எழுதினார். அம்மாவுக்கு அது வருத்தம். “நான் என்ன செஞ்சேன்” என்று வெகுநேரம் புலம்பினார்.

அதன் பிறகு

க்ளோசபின் மெதுவாக ஏற்றப்பட்டது. ரத்தம் எடுப்பதை அவர்கள் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்ய ஏற்பாடு செய்தோம். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பிடிவாதமாக அதை நடத்தினார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பதிவே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. தலையணை நனையும் அளவுக்கு எச்சில், பகலெல்லாம் தூக்கம், மலச்சிக்கல். “இதுக்கு அதுவே தேவல” என்றார் ஒருமுறை. மூன்றாம் மாதம் குரல்கள் தூரம் போனதாகச் சொன்னார், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. நின்றுவிடவில்லை. ஐந்தாம் மாதம் சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா வீட்டார் வந்தபோது மருந்தை விட்டார். பத்து நாளில் பழையபடி ஆகி மறுபடி சேர வேண்டியிருந்தது. அப்போது அந்த ஒரு பக்கக் காகிதம் வேலை செய்தது. ஊரில் கயிற்றை எடுத்தபோது அக்கா அதைக் காட்டித் தடுத்திருக்கிறார்.

ஒன்றரை வருடம் கழித்து இப்போது பட்டறை வேலைக்குப் போகவில்லை. ஊரில் பம்புசெட் மோட்டார் கழற்றி மாட்டுகிறார், வாரத்தில் இரண்டு மூன்று நாள். அடையாள அட்டை வந்துவிட்டது, உதவித்தொகை நீண்ட அலைச்சலுக்குப் பிறகு வந்தது. சாகும் விருப்பத்தைப் பற்றி ஒவ்வொரு முறையும் நேரடியாகவே கேட்கிறோம். முன்பு தினமும் இருந்தது, இப்போது எப்போதாவது என்கிறார். தன் மனுவை வாபஸ் வாங்கியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “அப்ப கேட்டது தப்புன்னு நீங்க எழுதாதீங்க” என்று இந்தப் பதிவுக்குச் சம்மதம் கொடுக்கும்போது சொன்னார். அதனால் எழுதவில்லை.

அம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை, முழங்கால் போய்விட்டது. அவருக்குப் பிறகு மகன் எங்கே இருப்பார் என்பதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. அக்கா எடுத்துக்கொள்வேன் என்கிறார், அக்கா வீட்டுக்காரர் பேசாமல் இருக்கிறார். இந்த நோயோடு தனியாக, கண்ணியமாக, கொஞ்சம் மேற்பார்வையோடு வாழ இடம் தரும் விடுதிகள் எங்கள் மாவட்டத் தேவைக்குப் போதவே போதாது.

இனி மாற வேண்டியவை

‘கருணைக்கொலை’ என்ற சொல்லோடு வரும் எந்த மனுவும் போலீஸுக்குப் போகும் முன் ஒரு மனநலப் பணியாளரிடம் வர வேண்டும் என்று மாவட்ட அளவில் கேட்டிருக்கிறோம். மனு எழுதித் தருபவர்களோடும் ஒருமுறை உட்கார்ந்து பேசினோம். அவர்கள் பிழைப்பு அது, உடனே மாறும் என்று நான் நினைக்கவில்லை. மனுதாரரைப் படம் எடுப்பதை அலுவலக வளாகத்திலேயே தடுக்கலாம், அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

எங்கள் வேலையில் இரண்டு மாற்றம். யார் கேட்கிறார்கள் என்பதை முதல் நாளே தனித்தனி அறையில் கேட்கிறோம். ‘எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு’ என்று குடும்பம் சொன்னால் சீட்டுகளை வாங்கித் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கிறோம். இதுவரை அப்படி அடுக்கியவர்களில், எல்லா வைத்தியமும் உண்மையிலேயே பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒருநாள் அப்படி ஒருவர் வருவார். அவரிடம் என்ன சொல்வது என்பதில் மூத்த மருத்துவரும் இளைய மருத்துவரும் இன்னும் உடன்படவில்லை.

தற்கொலை எண்ணம் வந்து தவிப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அல்லது தமிழ்நாடு அரசின் 104 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.